ஆண் பூ வந்ததா? அரிவாளை எடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

வெயில் ஏற ஏற ராமநாதபுரம் கடலோரத் தோட்டங்களிலிருந்து ஒரே புலம்பல்தான்: பூ வருகிறது, காய் வரவில்லை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவிபட்டினத்திலிருந்து ஓர் அக்கா: கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டு மூன்று பப்பாளி வளர்த்தேன். ஒன்றில் நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்குகிறது. இன்னொன்று நன்றாகக் காய்த்துவிட்டு, சித்திரையிலிருந்து வெறும் பூவாக உதிர்க்கிறது. இரண்டையும் வெட்டிவிடவா?

நீளக் காம்பில் பூ தொங்கும் முதல் மரம் ஆண், அதை வெட்டலாம்; இரண்டாவதைத் தொடாதீர்கள். பப்பாளியில் ஆண், பெண், இருபால் (ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும்) என மூன்று வகை மரம் உண்டு. கோ 2, கோ 8 போன்ற ரகங்களில் ஆண் தனி, பெண் தனி. விதை போட்டால் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும். அதனால்தான் குழிக்கு மூன்று நான்கு நாற்று வைத்து, பூத்த பிறகு வேண்டாததைக் கழிப்பது. இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் நின்றால் போதும். கோ 7, ரெட் லேடி வகையறாவில் பெண்ணும் இருபாலும்தான் வரும். தனி ஆண் கிடையாது.

உங்கள் இரண்டாவது மரம் இருபால் மரம். கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் அதன் பூவில் காயாக மாறும் சூலகம் சுருங்கி, ஆண் பூ மாதிரியே ஆகிவிடும். ஒரு பூவைப் பறித்து நகத்தால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். அடியில் பருத்த பச்சைச் சூலகமும் சுற்றி மகரந்தப் பைகளும் இருந்தால் காய்க்கிற பூ. சூலகம் ஊசி போல மெலிந்திருந்தால் உதிர்கிற பூ. மகரந்தப் பையே இல்லாமல் சூலகம் மட்டும் குண்டாக இருந்தால் பெண். வெயில் தணிந்ததும் மரம் பழையபடி காய்க்கும். அதுவரை மூடாக்குப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். பப்பாளிக்கு அது ஆகவே ஆகாது.

சாயல்குடி: வீட்டடியில் நிற்கும் மூன்று பனையும் ஆண் பனை. நுங்கு கிடையாது. விற்றுவிடலாமா? பனங்கொட்டையைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா?

கருப்பட்டி ஊரிலிருந்து இந்தக் கேள்வியா, தம்பி! அலகுப் பனையிலும், அதாவது ஆண் பனையிலும், பதநீர் இறக்கலாமே. விரல் விரலாக நீளும் அந்த அலகை, அதாவது ஆண் பாளையை, கடிப்பு என்கிற மரக் கிடுக்கியால் நசுக்கி, நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார்கள். பருவப் பனை என்கிற பெண் பனை கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும், அவ்வளவுதான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்ததையும் மறக்காதீர்கள்.

கொட்டையை வைத்துச் சொல்வதெல்லாம் ஊர்ப்பேச்சு. பாளை தள்ளப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது ஆகும். அதுவரை கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

கீழக்கரை: ஜெர்மனியில் இருக்கும் மச்சான் வீட்டில் ஹாப்ஸ் கொடி வளர்க்கிறார். பெண் கொடியில் திடீரென்று ஆண் பூ வந்திருக்கிறதாம். ஏன்? வேர் கொண்டுவந்தால் நம் மொட்டைமாடியில் வருமா?

ஹாப்ஸும் பனை போலத்தான், ஆண் வேறு பெண் வேறு. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது பெண் கொடியின் கூம்புப் பூ. மகரந்தம் பட்டால் அதில் விதை பிடிக்கும். விதையில்லாத கூம்பைத்தான் அங்கே விரும்புகிறார்கள். அதனால் பக்கத்தில் ஆண் கொடியை விடமாட்டார்கள். பெண் கொடி வாடி வதங்கினாலோ, அதன் பிறவிக் குணத்தாலோ சில ஆண் பூ விடுவதுண்டு. வெள்ளை முடி நீட்டிய குஞ்சம் பெண் பூ. ஐந்து இதழாக விரியும் சின்னப் பூங்கொத்து ஆண். கொத்தை மட்டும் கிள்ளச் சொல்லுங்கள். வருடா வருடம் வந்தால் கொடியை மாற்றுவதே நல்லது.

இங்கே கொண்டுவருவது வீண் வேலை. சுமார் 35 முதல் 55 பாகை அட்சரேகைக்குள் வளர்கிற கொடி அது. குளிர்காலத் தூக்கமும் கோடையில் நீண்ட பகலும் வேண்டும். நம் ஊரில் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கொடி ஆள் உயரம் ஏறுவதற்குள் பூத்து ஓய்ந்துவிடும். இந்தியாவில் அதற்கு ஏற்ற இடம் இமாசலத்து லாஹௌல். போதாததற்கு, வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதி வாங்காமல் விமான நிலையம் தாண்ட முடியாது.

தொண்டி: சுரைக்கொடி முழுக்க ஆண் பூ. பத்து நாளாக ஒரு பிஞ்சு கூட இல்லை.

இயல்புதான். சுரை, பூசணி, பாகலில் ஒரே கொடியில் இரண்டு பூவும் வரும், ஆண் பூ முந்திக்கொள்ளும். யூரியாவை அள்ளிப் போட்டிருந்தால் நிறுத்துங்கள். பெண் பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் தெரியும். அது வந்தும் மஞ்சளாகி உதிர்ந்தால் நீங்களே ஆண் பூவைப் பறித்துத் தடவிவிடுங்கள். சுரை மாலையில் விரியும், பூசணி விடியற்காலையில்; நேரம் மாறினால் பயனில்லை.

மண்டபம்: வேலியில் படர்ந்த கோவைக்கொடியில் பூவுக்குக் குறைவில்லை, காய்தான் இல்லை.

அது ஆண் கொடி, அக்கா. கோவையில் ஆண் வேறு, பெண் வேறு. உரம் போட்டாலும் மாறாது. காய்க்கிற கொடியிலிருந்து பென்சில் தடிமன் குச்சி வெட்டி நடுங்கள். ஒரு மூலையில் இந்த ஆண் கொடியும் கிடக்கட்டும், மகரந்தத்துக்கு ஆகும்.