இ.எம். கேன் உப்பி நுரை பீறிட்டால் கரைசல் கெட்டுவிட்டதா?

கேள்வி: 20 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் இ.எம். (ஈஸ்ட், லாக்டிக் அமில பாக்டீரியா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிரிகளின் கலவை) தாய்த் திரவம், வெல்லம், தண்ணீர் மூன்றையும் வாய் வரை ஊற்றி இறுக மூடி வைத்தேன். மூன்றாம் நாள் கேன் உப்பி, மூடி ஓரமாக நுரை பீறிட்டது. காற்றே இருக்கக் கூடாது என்பதால்தான் இடம் விடவில்லை. கரைசல் வீணா? (திண்டுக்கல் மாவட்ட விவசாயி)

பதில்: வீணாகவில்லை, ஐயா. முகர்ந்து பாருங்கள், இனிப்பு கலந்த புளிப்பு வாடை இருந்தால் நொதிப்பு நன்றாகவே நடக்கிறது. அழுகல் நாற்றம் வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

வழக்கமான அளவே உங்களை ஏமாற்றியிருக்கிறது. 1 லிட்டர் தாய்த் திரவம், 1 கிலோ வெல்லம், 20 லிட்டர் தண்ணீர் என்றால் மொத்தம் இருபத்தொன்றரை லிட்டரைத் தாண்டும். உங்கள் கேனுக்கு 800 மில்லி, 800 கிராம், 16 லிட்டர் போதும். மேலே இரண்டரை லிட்டர் அளவுக்கு இடம் மிஞ்சும்.

அந்த இடம் வாயுவைச் சேர்த்து வைப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கிலோ சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் நொதிக்க வைத்தால் 250 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வரும். எந்தக் கேன் தாங்கும்? இ.எம்.மில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் வெல்லத்தைப் பங்கு போடுவதால் வாயு குறையும், ஆனாலும் கேனை உப்ப வைக்கப் போதும். காலி இடம் நுரை எழும்பி அடங்குவதற்கு. அது இல்லாவிட்டால் நுரையும் வெல்லக் கசடும் மூடியின் புரியில் ஏறி ஒட்டிக்கொள்ளும். வாயு வெளியேற வழியிருக்காது. மேலும், திரவம் அமுங்காது. இடமில்லாத கேனில் சிறிது வாயு சேர்ந்தாலும் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் இதைச் செய்யவே கூடாது, வெடித்தால் கண் போய்விடும்.

எனவே இடம் விட்டாலும் முதல் வாரம் காலையும் மாலையும் மூடியை லேசாகத் தளர்த்தி, 'உஸ்' சத்தம் அடங்கியதும் மூடுங்கள். முகத்தை விலக்கியே வையுங்கள்.

காற்று பற்றிய உங்கள் கவலை நியாயமானதுதான். முதலில் வரும் கரியமில வாயுவே மேலிருக்கும் காற்றைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். அதற்காகக் கேனைப் பாதி காலியாக விடாதீர்கள், பூஞ்சணம் படரும். ஊறுகாய்ப் புல் (சைலேஜ், மாட்டுக்காகப் புளிக்க வைக்கும் பசுந்தீவனம்) குழியில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே இடைவெளியே இல்லாமல் மிதித்து இறுக்க வேண்டும்.

இப்போது இரண்டரை லிட்டரை வேறு கேனில் மாற்றிவிட்டு, மூடியைக் கழுவிப் போடுங்கள். கார அமிலத் தாளில் (pH தாள்) 4-க்குக் கீழே காட்டி, வாயு வருவதும் நின்ற பிறகு சிறு கேன்களில் ஏறக்குறைய நிரம்ப ஊற்றி நிழலில் வைக்கலாம்.