சித்தூர் எல்லையும் துபாய் விமானமும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில், ‘ஊரைவிட்டு ஓடுகிறவன் பாதித் தண்டனையை அங்கேயே அனுபவித்துவிடுகிறான்’ என்று எழுதியிருந்தீர்கள். படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை. கோபம்தான்.

எங்களுக்குக் குடியாத்தம். 2022இல் என் தம்பியை வீட்டு வாசலிலேயே ஒருவன் வெட்டினான். இடது கையில் மூன்று விரல் போயிற்று. அதற்கு முன்பே அவன்மேல் நான்கு அடிதடி வழக்குகள், ஒரு தடவை குண்டாஸ். ஜாமீனில் வந்து ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன் ஒருநாள் வரவில்லை. துபாயில் இருக்கிறானாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கடற்கரையில் நின்று சிரிக்கிறான், எங்கள் தெருவில் பாதிப்பேர் பார்க்கிறார்கள். நேரில் பார்த்த சாட்சி என் அம்மா. அவருக்கு 72 வயது, மறதி ஆரம்பித்துவிட்டது. கோர்ட்டில் கேட்டால் ‘வாரண்ட் நிலுவை’ என்கிறார்கள். பாதித் தண்டனை யாருக்கு ஐயா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள அம்மா,

அந்த வரி தப்பு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அதை எழுதும்போது என் மனதில் இருந்தவர் காஞ்சிபுரம் ஸ்ரீதர். கொலை, நில அபகரிப்பு என்று ஏகப்பட்ட வழக்குகளில் தேடப்பட்டு, துபாய் போய், கடைசியில் 2017 அக்டோபரில் கம்போடியாவில் விஷம் குடித்து இறந்ததாகச் செய்தி வந்தது. அந்த ஒரு சாவை வைத்துக்கொண்டு ஓடிப்போகிற எல்லோருக்கும் ஒரு தத்துவம் எழுதிவிட்டேன். உங்கள் தம்பியை வெட்டியவன் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. அவன் சம்பளத்துக்குப் போயிருக்கிறான். மேல்விஷாரத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் நல்ல பிள்ளைகள் பிழைப்புக்குப் போகிற அதே விமானத்தில், அதே வரிசையில் நின்று ஏறியிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை அது தலைமறைவே இல்லை, வேலைக்குப் போனது.

நம் பக்கத்துக்கு ஓடிப்போவது புதிதில்லை. என் சின்ன வயதில் காட்பாடிப் பக்கம் யாராவது கத்தியெடுத்தால், மறுநாள் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: ‘சித்தூருக்குப் போயிருப்பான்.’ இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1911 வரை சித்தூர்தான் வடாற்காடு ஜில்லாவின் தலைநகரம். கலெக்டர் ஆபீஸ் இருந்த ஊரே பிற்பாடு வேறு ஜில்லாவாகி, வேறு மாநிலமாகி, ஓடுகிறவனுக்கு மறைவிடமாயிற்று. ஆனால் சித்தூருக்குப் போனவன் தீபாவளிக்குத் திரும்பி வருவான். ஏட்டு காத்திருந்து பிடிப்பார். துபாய் போனவன் தீபாவளிக்கு ஸ்டேட்டஸ் போடுகிறான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கடற்கரைச் சிரிப்பு இல்லை. ‘நான்கு அடிதடி வழக்குகள், ஒரு தடவை குண்டாஸ்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். விமானம் ஏறியது அவனுடைய ஆறாவது தப்பித்தல். முதல் நான்கு வழக்கும் என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலேயே ஊகிக்க முடிகிறது. சாட்சிகள் பிறழ்ந்திருப்பார்கள், அல்லது பஞ்சாயத்துப் பேசி ராஜியாகியிருக்கும். குண்டாஸ் என்பது 1982ஆம் வருடச் சட்டம். அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் உள்ளே வைக்கலாம். அது தடுப்புக்காவல்தானே தவிர, செய்த குற்றத்துக்குத் தண்டனை இல்லை. அந்த ஒரு வருடத்துக்குள் பழைய வழக்குகளை நடத்தி முடிக்காவிட்டால், அவன் வெளியே வரும்போது கூடுதலாக ஒரு பட்டத்தோடு வருகிறான், அவ்வளவுதான்.

சாட்சி எப்படிக் களைத்துப்போகிறான் என்பது எனக்குச் சொந்த அனுபவம். பல வருடம் முன்பு ஒரு டீக்கடைத் தகராறில் நான் சாட்சி. சம்மன் வரும், போவேன், ‘ஏ2 (இரண்டாவது குற்றவாளி) ஆஜராகவில்லை, வாய்தா’ என்பார்கள். நாலு வருடம். கடைசியில் கூண்டில் ஏறியபோது, வெட்டியவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நீலம் என்றேன். போலீசில் எழுதிக்கொடுத்ததில் பச்சை என்று இருந்தது. வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு அது நீலம்தான்.

சரி, உங்கள் வழக்குக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. இரண்டு வக்கீல் நண்பர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

கொலை முயற்சி வழக்கை செஷன்ஸ் கோர்ட்தான் விசாரிக்க முடியும். மாஜிஸ்திரேட் அதை மேலே அனுப்பவேண்டுமானால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், ஆஜராகவேண்டும். அவன் இல்லாததால் வழக்கு கீழ்க் கோர்ட்டிலேயே, பி.ஆர்.சி. எண்ணோடு (மேலே அனுப்புவதற்கு முந்தைய பதிவு எண்), உட்கார்ந்திருக்கிறது. ‘வாரண்ட் நிலுவை’ என்று உங்களிடம் சொல்வதன் அர்த்தம் இதுதான். கூட வந்தவர்கள் இருந்தால் அவர்கள் வழக்கை மட்டும் பிரித்து நடத்துவார்கள். அதில் அவர்கள் விடுதலையாகிவிட்டால், பிற்பாடு வருகிறவன் அந்தத் தீர்ப்பையே கையில் பிடித்துக்கொண்டு வருவான்.

ஓடிப்போனவனை, அவன் இல்லாமலேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லப் புதிய சட்டத்தில், அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 356ஆம் பிரிவில், வழி இருக்கிறது. பேப்பரில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சட்டம் 2024 ஜூலை 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த வழக்குகள் பழைய சட்டப்படிதான் போகும். உங்களுடையது 2022. அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

பழைய சட்டத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. 299ஆம் பிரிவு. எதிரி தலைமறைவு, உடனே பிடிக்க வழியில்லை என்று நிரூபித்தால், அவன் இல்லாமலேயே சாட்சிகளை விசாரித்துப் பதிவு செய்துவைக்கலாம். மாஜிஸ்திரேட்டே செய்யலாம். பத்து வருடம் கழித்து அவன் பிடிபடும்போது அந்தச் சாட்சி உயிரோடு இல்லாவிட்டாலும், சாட்சி சொல்ல முடியாத நிலையில் இருந்தாலும், அன்றைய வாக்குமூலம் ஆதாரமாக நிற்கும். இதைக் கேட்டு மனு போடுகிறவர்கள் குறைவு என்றார் என் நண்பர். அரசு வக்கீலைப் பார்த்து இதைத்தான் முதலில் கேளுங்கள். ரெட் கார்னர் நோட்டீஸை அல்ல.

ஏன் அது வேண்டாம் என்கிறேன்? இன்டர்போல் நோட்டீஸ் என்றால் ஏதோ உலக வாரண்ட் என்று நினைத்துக்கொள்கிறோம். அதை வைத்துக் கைது செய்வதும் செய்யாததும் அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பாடு. ஐக்கிய அரபு அமீரகத்தோடு நமக்கு 1999இல் போட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் குடியாத்தம் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் கோப்பு எஸ்.பி., சென்னை, டெல்லி என்று ஏறி அந்த ஊருக்குப் போய்ச் சேரவேண்டும். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேம் போர்ச்சுகலில் சிக்கியது 2002இல், இங்கே வந்தது 2005இல். அவ்வளவு பெரிய வழக்குக்கே, பிடித்த பிறகே, மூன்று வருடம். (1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போய்த் தப்பினார் என்று பெருமைப்படுகிற நாம், எல்லை என்பது சட்டத்துக்குச் சுவர் என்பதில் மட்டும் ஆச்சரியப்படுகிறோம்.)

அதைவிடச் சின்ன ஆயுதம் ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட். கிரிமினல் வழக்கு நிலுவையில் இருப்பவனின் பாஸ்போர்ட்டை முடக்க 1967ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டத்தில் இடமுண்டு. விசா புதுப்பிக்க, வேலை மாற, எல்லாவற்றுக்கும் அங்கே அந்தப் புத்தகம் வேண்டும். அது செல்லாமல் போனால் அவன் அங்கே சட்டப்படி இருப்பதே சிக்கலாகிவிடும். போலீஸ் பாஸ்போர்ட் ஆபீசுக்கு எழுதவேண்டும். கூடவே எஸ்.பி. மூலமாக லுக் அவுட் நோட்டீஸ். அது இருந்தால், அம்மா செத்தாள், தங்கைக்குக் கல்யாணம் என்று எப்போதாவது இறங்கும்போது விமான நிலையத்திலேயே நிறுத்துவார்கள். இவை இரண்டும் செய்தாயிற்றா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ‘அனுப்பிட்டோம்மா’ என்றுதான் பதில் வரும்.

அந்த ஸ்டேட்டஸ்களையும் யாரையாவது தேதியோடு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதற்கு அவனே கொடுக்கிற அத்தாட்சி அது. மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் அம்மா. அவருக்கு எந்த நேரத்தில் நினைவு தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள். என் அம்மாவுக்குக் காலையில் நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் என்னையே என் அப்பா என்பார். காலையிலேயே கூப்பிடும்படி கோர்ட்டில் கேட்டுக்கொள்ளலாம். அதுவரை, என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் பார்த்ததை அவரே சொல்லட்டும், சட்டை நிறம் உட்பட.

மனு போட்டதும் எழுதுங்கள்.