அடுப்படிக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாடு பற்றி எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்விகளுக்கு நேரமின்மையால் சுருக்கமாகச் சொன்ன பதில்களை இங்கே விரித்து எழுதுகிறேன். தோட்ட மருந்தகத்தில் தொடங்கி அரசாங்க கிளினிக்கில் ஓய்வு பெற்ற பழைய மிஸ்ஸி (தாதி) என்பதால் மருந்து பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அவற்றை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

மூன்று ஆண்டுகளில் நான்கு முறை டயட் இருந்தேன். ஒவ்வொரு முறையும் ஆறு கிலோ குறைந்து எட்டு கிலோ ஏறியது. எனக்கு மனவுறுதி போதவில்லையா, அக்கா?

மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள், தங்கச்சி. உணவைத் திடீரெனப் பாதியாகக் குறைத்தால் உடம்பு கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. செலவழிக்கும் ஆற்றலைச் சுருக்கிக்கொள்கிறது. பசியை மட்டும் கூட்டிவிடுகிறது. 1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கு நாள் முழுவதும் சாப்பாட்டு நினைவே ஓடியது; சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கவே தொடங்கிவிட்டார்கள். காலையில் வெறுங்கோப்பி, மதியம் ஓர் ஆப்பிள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திட்டம் மாலையில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கோழி பொரிக்கும் வாசம் எழும்வரைதான் தாங்கும்.

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதற்கு முன் எதைச் சாப்பிடுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிலையம் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைப் பதப்படுத்தல் மிகுந்த உணவையும் இரண்டு வாரம் முழுமையான பொருள்களில் சமைத்த உணவையும் கொடுத்து, விரும்பிய அளவு உண்ண விட்டார்கள். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவற்றின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், ஆலை உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் அன்றாடம் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ கூடினார்கள். ஆகவே இந்த மாதம் எடை பார்க்கும் இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலையில் இரண்டு தோசையும் கெட்டியான சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்.

செம்பனை ஆலையில் இரவு வேலை. இரண்டு மணிக்குப் பசிக்கும்போது கப் மீயும் (கோப்பை நூடுல்ஸ்) டின் பானமும்தான் கிடைக்கின்றன. என்ன செய்யலாம்?

முதலில் டின்னில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், தம்பி. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலை முதல் வரி விதிக்கிறது. இருந்தும் இனிப்பு மிகுந்தவை கடையில் இருக்கின்றன. 100 மில்லிக்கு 10 கிராம் என்றிருந்தால் 320 மில்லி டின்னில் 32 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி. கப் மீயில் சோடியம் என்ற வரியைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள், அதாவது ஐந்து கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதில் பெரும்பங்கை ஒரே கப் தின்றுவிடக்கூடும்.

தூக்குச்சட்டியில் கொண்டுபோகத் தெம்பேயைப் பரிந்துரைக்கிறேன். நொதித்த சோயா, 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் உண்டு, விலையும் கையைக் கடிக்காது. விரல் கனத்துக்கு நறுக்கி, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் உப்பும் தடவி, தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை புரட்டுங்கள். பிறகு அதே கல்லில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கிச் சேர்த்தால், நம் வீட்டுப் பிரட்டலின் வாசமே வந்துவிடும். தேங்காய்ப்பால் ஊற்றிய கறியை, ஆலையில் குளிர்பெட்டி இல்லையென்றால் கொண்டுபோக வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும்.

செக்கூர் மானிஸ் கீரையைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் எடை குறையும் என்று கைப்பேசியில் வந்தது. உண்மையா?

குடிக்காதீர்கள். 1990களின் நடுவில் தைவானில் எடை குறைப்பதற்காக இதே கீரையின் பச்சைச் சாற்றைத் தினமும் குடித்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் சேதமடைந்தன. அது மருந்தால் திரும்பாத சேதம். நம்மூரில் காலங்காலமாக முட்டையோடு வதக்கியோ சூப் வைத்தோ அளவாக உண்பது வேறு விஷயம். நம் மண்ணில் விளைந்தது என்பதற்காக எதையும் மருந்துபோல் குடிக்கலாம் என்றாகிவிடாது. மரவள்ளி இலையையும் நன்றாக வேகவைத்து, நீரை வடித்த பிறகே சமைக்க வேண்டும். அதில் சயனைடு நஞ்சு உண்டு.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர் சோற்றை அடியோடு விட வேண்டுமா?

வேண்டாம். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் 'கால், கால், அரை') தட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் தாமாக வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

கீனோவாவும் சியா விதையும் வாங்க வேண்டுமா?

அந்தக் காசுக்குக் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனும் தட்டைப்பயறும் வாங்குங்கள்.

ஒன்பது வயது மகன் கடைக் கோழி இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறான். கீரையைக் கண்டால் ஓடுகிறான்.

ஒரேயடியாகத் தடுத்தால் பாட்டி வீட்டில் சாப்பிடுவான். என் மகன் அப்படித்தான் செய்தான், பாட்டியும் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. மாதத்தில் ஒரு நாளைக் கடைக்கு ஒதுக்குங்கள். வீட்டில் கோழியைத் தயிரும் மசாலாவும் பூசி ஊறவைத்துக் கல்லில் வாட்டுங்கள். முருங்கைக்கீரையை உருவும் வேலையை அவனிடம் கொடுங்கள். தான் உருவிய கீரையை முதல் வாரம் தொடாவிட்டாலும், பருப்பில் கரைந்து வரும்போது ஒரு கரண்டியாவது ஊற்றிக்கொள்வான்.

தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம், மிஸ்ஸி. முன்பு வேலியோரம் எல்லாம் இருந்தது. இப்போது மண்ணே இல்லை.

நானும் அப்படி வந்தவள்தான், அம்மா. வெயில் படும் நடைபாதை ஓரத்தில், நன்றாகக் கழுவி அடியில் ஓட்டை போட்ட வாளிகள் மூன்று போதும். ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் பச்சை மிளகாய், ஒன்றில் பசலை. பசலைக்கு விதைகூட வேண்டாம். சமையலுக்கு வாங்கிய தண்டில் ஒரு சாண் நறுக்கி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினாலே துளிர்த்துவிடும். என் வாளியில் அது இப்போது கம்பியைப் பிடித்து மேல்மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. கத்தியோடு வாருங்கள், வெட்டித் தருகிறேன்.