வாத்துக்கு வண்ணம் வேண்டுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கதைகளையும் அவற்றுக்கு நீங்களே வரைகிற கோட்டுப் படங்களையும் பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து பார்த்து வருகிறேன். இது கதை பற்றிய கடிதம் இல்லை, எங்களுக்குள் நடக்கிற ஒரு சண்டை பற்றியது.

நாங்கள் ஐந்து பேர், போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் ஞாயிறு பின்னேரங்களிலும் எங்கள் வீட்டு மேல்மாடியில் மஞ்ச்கின் என்கிற அட்டை விளையாட்டு விளையாடுவோம். கதவு அட்டைகள் ஒரு கட்டு, பொக்கிஷ அட்டைகள் ஒரு கட்டு. கதவைத் திறந்தால் பூதமோ சாபமோ வரும், பூதத்தை வென்றால் பொக்கிஷம், பத்தாம் படிக்கு முதலில் ஏறுகிறவர் வெற்றி. ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சான் பல வருடங்களுக்கு முன் கொண்டுவந்து விட்டுப்போன பெட்டி அது. படங்கள் எல்லாம் மண்ணிறக் கோடுகள். இந்த முறை வந்தபோது புதிய பெட்டி ஒன்று கொண்டுவந்தார். அதே ஆட்டம், ஆனால் முழு வண்ணம்.

அன்றைக்குத் தொடங்கியது. இரண்டு பேர் இனிப் பழைய பெட்டியைத் தொடவே மாட்டோம் என்கிறார்கள். நானும் இன்னொருவனும் பழையதுதான் ஆட்டம், புதியது சின்னப் பிள்ளைகளின் வர்ணப் புத்தகம் என்கிறோம். என் தங்கை, இரண்டையும் கலந்து விளையாடினால் என்ன என்று கேட்கிறாள். எங்களுக்கு வெறும் பழக்கதோஷம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் கறுப்பு மையில் மட்டுமே வரைகிறவர். அப்படித்தானா?

க.,
கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

பழக்கதோஷமும் இருக்கிறது. அதை மறுக்கத் தேவையில்லை, அது வெட்கப்படுகிற விஷயமும் இல்லை. ஆனால் அது மட்டும்தானா என்றால், இல்லை.

கறுப்பு மையில் வரைகிறவள், எங்கள் பக்கம்தான் நிற்பாள் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். முழுதாக நிற்க மாட்டேன். புதிய பெட்டியைச் சின்னப் பிள்ளைகளின் வர்ணப் புத்தகம் என்றது எனக்குச் சரியாகப் படவில்லை, முதலில் அதைக் கதைப்போம்.

மஞ்ச்கின் வந்தது 2001இல். ஆட்டத்தை உருவாக்கியவர் ஸ்டீவ் ஜாக்சன், படங்களை வரைந்தவர் ஜோன் கோவாலிக். பெட்டியின் மூடி அப்போதே வண்ணத்தில்தான் இருந்தது, உள்ளே இருந்த 168 அட்டைகளும்தான் ஒற்றை மை. 2010இல் உள்ளேயும் வண்ணம் வந்தது. ஒற்றை மை என்றால் அச்சில் ஒரு தகடு போதும், முழு வண்ணம் என்றால் நான்கு தகடு, நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். அச்சுக்கூடத்தில் ஒரு நாளாவது நின்று பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் விளங்கும். உங்கள் கேள்விக்கு முக்கியமானது வேறு: வண்ணம் வந்தபோது கோவாலிக்கின் ஆட்களை யாரும் தூக்கி எறியவில்லை. அந்தப் பெருத்த மூக்கும் புள்ளிக் கண்ணும் தடித்த வெளிக்கோடும் அப்படியேதான் இருக்கின்றன, அதன் உள்ளேதான் வண்ணம் வந்து உட்கார்ந்தது. ஆகவே உங்கள் மேல்மாடிச் சண்டை புதுப் படமா பழைய படமா என்பது இல்லை. வண்ணத்தை நினைக்காமல் போட்ட ஒரு கோட்டுக்கு வண்ணம் என்ன செய்கிறது என்பதுதான்.

இதில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரவு என்றால் ஜாம் போத்தல் விளக்குதான், போத்தலின் அடியில் பஞ்சு, அதன்மேல் இரண்டு மூன்று கரண்டி மண்ணெண்ணெய், அதற்கு மேல் ஊற்றினால் அம்மா பேசுவா. அந்த வெளிச்சத்தில் முன்னூற்று நாலு விளையாடுவோம். ஒரு மாரியில் காட்ஸ் கட்டு நனைந்து ஊறிப் போய்விட்டது, புதுக்கட்டு வாங்க வழியில்லை, அண்ணாவும் நானும் பழைய கொப்பி மட்டைகளை வெட்டி 32 அட்டைகளையும் நாங்களே வரைந்தோம். ஏழில் இருந்து ஆஸ் வரை ஒரு சாதிக்கு எட்டு, நான்கு சாதி. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நீலப் பேனை.

சிவப்பு இல்லாவிட்டால் என்ன, உருவம் இருக்கிறதே என்று நினைத்துத்தான் வரைந்தோம். முதல் இரவே பிழைத்தது. சிவப்பு இதயமான ஆடுதனையும் கறுப்பு இஸ்பேட்டையும் ஒரே நீலத்தில் நிரப்பி வைத்திருந்தோம், கையில் விசிறிப் பிடிக்கும்போது அட்டை தலைகீழாக வந்தால் இஸ்பேட் ஆடுதன் மாதிரித் தெரிகிறது, காம்பு விரலுக்குள் மறைந்துவிட்டால் எது எது என்று பக்கத்தில் விளக்கைப் பிடித்தாலும் விளங்காது. துரும்பு வெட்டிவிட்டேன் என்று மாமா அட்டையை அடித்துப் போட, அது துரும்பே இல்லை. அண்ணா அடுத்த நாள் காலையில் ஒரு வேலை செய்தார். சிவப்புச் சாதிகளான ஆடுதனும் டைமனும் போட்ட 16 அட்டைகளையும் திரும்ப வரைந்தார், இந்த முறை உள்ளே நிரப்பாமல் வெறும் வெளிக்கோடு. இஸ்பேட்டும் கலாவரையும் அடைத்த நீலமாகவே இருந்தன. அவ்வளவுதான், பிறகு அந்தக் கட்டில் யாரும் பிழை விடவில்லை. சிவப்பு என்பதை வெறுமையாக விட்டே காட்டலாம் என்று நான் படித்தது அங்கேதான். இப்போது வரைய உட்கார்ந்தால், எதை அடைப்பது எதை வெறுமையாக விடுவது என்றுதான் என் கை முதலில் தேடுகிறது.

அந்தக் காலத்தில் பத்திரிகைகூட அப்பியாசக் கொப்பித் தாளில் வந்தது. உதயனை நீலக் கோடு போட்ட தாளில் வாசித்த தலைமுறை நாங்கள். ஆகவே ஒற்றை மையின் அழகு பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். அது இல்லாமையில் இருந்து வருவதில்லை. வரைகிறவர் இல்லாமையைக் கணக்கில் எடுத்து வரைந்தாரா என்பதில் இருந்து வருகிறது.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாகப் போட்டது அவரைத்தான், இங்கேயும் கைமாறிக் கைமாறி மட்டை கிழியும்வரை படித்தோம். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். கறுப்பு வெள்ளையில் அந்தக் கையைச் சுற்றி இருப்பது வெறும் தாள். அங்கே வெள்ளைதான் ஆள். அதற்குள் ஒரு சுவர் நிறத்தையோ வான நிறத்தையோ அடித்தால் மாயாவி போய்விடுவார், கைதான் மிஞ்சும். அப்படிப்பட்ட படத்துக்கு வண்ணம் பூசினால் நானும் உங்களோடு சேர்ந்து சத்தம் போடுவேன்.

கோவாலிக்கின் படம் அப்படி இல்லை. அவருடைய கோடு மூடிய கோடு, ஆளைச் சுற்றி முழுதாக ஓடி வந்து முட்டுகிறது, நிழல் குறைவு, பின்னணி குறைவு, சிரிப்பு முழுவதும் முகத்திலும் நிற்கிற விதத்திலும் இருக்கிறது. அந்த மாதிரிக் கோட்டுக்குள் வண்ணம் வந்தாலும் சிரிப்பு எங்கேயும் போகாது. இரண்டு பெட்டியில் இருந்தும் ஒரே பூதத்தின் அட்டையை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள், உங்கள் கண் முதலில் போகிற இடம் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே படம் கெட்டுவிட்டது என்கிற வாதத்தை விட்டுவிடுங்கள், அதில் நீங்கள் தோற்பீர்கள்.

ஆனால் நீங்கள் ஏதோ ஒன்றை இழந்ததாக உணர்கிறீர்களே, அது உண்மை. அதைத் தப்பான இடத்தில் தேடுகிறீர்கள், அவ்வளவுதான்.

2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தினார்களே, அப்போது என் தங்கையின் மகனும் அவனுடைய கூட்டாளிகளும் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் கிடந்தார்கள். அவர்களிடம் இருந்ததும் பழைய மண்ணிறப் பெட்டி, ரோல்ஸ் தின்ற விரல் பட்டு மூலையெல்லாம் எண்ணெய் ஊறிப் போனது. சார்ஜ் லைட்டைக் கதிரையில் வைத்து விளையாடுவார்கள், நானும் இருந்து விளையாடினேன். அந்த வெளிச்சத்தில் ஒரு முழத்துக்கு அப்பால் எல்லா அட்டையும் ஒரே மாதிரித்தான், மண்ணிறத்துக்குள் மண்ணிறம். அதனால் கதவைத் திறக்கிறவன் அட்டையை வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் உரத்து வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் வாசித்தால் பாதிப் பேருக்குச் சிரிப்பு வராது, ஆகவே தமிழில் சொல்ல வேண்டும். அங்கேதான் ஆட்டம் நடந்தது.

அந்த ஆட்டத்தில் கசீபோ என்று எட்டாம் படிப் பூதம் ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் உட்கார்ந்து காற்று வாங்குகிற சின்ன மண்டபம், அதுதான் பூதம். யாரும் உதவிக்கு வரக்கூடாது, தனியே நின்றுதான் சண்டை பிடிக்க வேண்டும். கசீபோவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பொடியன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு எழும்பி நின்று, 'பருத்தித்துறைத் தெருமூடி மடம் எழும்பி வருகுது, ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ' என்றான். வீதிக்குக் குறுக்கே கல்லுத் தூண்களோடு நிற்கிற அந்த மடத்தை, அதன் கீழால் சைக்கிளில் போன எல்லோருக்கும் தெரியும். அது கால் முளைத்து நடந்து வருவதை நினைத்து நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆட்கள் மதிலால் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த அட்டைக்குப் பெயர் மடம்தான். சாப வாத்துக்கும் அப்படித்தான் நடந்தது. நிலவறைக்குள் கிடக்கிற வாத்தைத் தூக்கினால் இரண்டு படி இறங்க வேண்டும் என்கிற அட்டை அது. 'கண்டதையெல்லாம் தூக்காதே என்று சொன்னனா இல்லையா' என்று அம்மாமார் ஏசுகிற குரலில்தான் அதை வாசிப்பார்கள்.

பிறகு வண்ணப் பெட்டியிலும் விளையாடிப் பார்த்தேன், வேறொரு வீட்டில், பகலில். அட்டை கீழே விழுந்த உடனேயே மேசையின் மற்ற முனையில் இருப்பவனுக்கு நிறத்தைக் கண்டு என்ன அட்டை என்று தெரிந்துவிடுகிறது. 'ஓ, அதுவா' என்கிறான். யாரும் வாசிக்கவில்லை. ஆட்டம் விரைவாகப் போகிறது, பிழை குறைகிறது, புதிதாக வந்தவருக்கு வசதி. எனக்கும் கண்ணாடி இல்லாமல் வடிவாகத் தெரிந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசவில்லை என்று அர்த்தம். மண்ணிறத்தை இரவில் படிப்பது நாற்பது தாண்டிய கண்ணுக்குத் தண்டனை. ஆனால் அந்த ஆட்டத்தில் வண்ணத்துக்கு விதியில் ஒரு வேலையும் இல்லை, ஊனோவில் மாதிரிச் சிவப்புக்குச் சிவப்பு போட வேண்டும் என்றெல்லாம் இல்லை. விதியும் பகிடியும் எழுத்தில் இருக்கின்றன. வண்ணம் அந்த எழுத்தை வாசிக்காமல் தாண்டிப் போக விடுகிறது. உங்களுக்குக் குறைகிறது என்று தோன்றுவது அந்த வாசிப்புத்தான் என்பது என் அபிப்பிராயம். அதற்காகப் பெட்டியை மாற்றத் தேவையில்லை. எந்தப் பெட்டியாக இருந்தாலும் கதவைத் திறக்கிறவர் உரத்து, தமிழில் வாசிக்க வேண்டும் என்று உங்கள் மேல்மாடிக்கு ஒரு சட்டம் போடுங்கள். அந்த இரண்டு பேரும் ஒத்துக்கொள்வார்கள், பாருங்கள்.

சரி, இனி உங்கள் தங்கையின் கேள்வி. ஐந்து பேரில் நல்ல கேள்வி கேட்டது அவள்தான். இரண்டு பெட்டியையும் அப்படியே கொட்டிக் கலக்காதீர்கள். முதலாவது, இரண்டும் ஒரே ஆட்டம், கலந்தால் ஒவ்வொரு அட்டையும் இரட்டிக்கும், ஒரு சுற்றில் இரண்டு தடவை மடம் எழும்பி வரும். இரண்டாவது, ஒரு அச்சுக்கும் இன்னொரு அச்சுக்கும் அட்டையின் பின்பக்கம் கொஞ்சமாவது வேறுபடும், பழையது கை பட்டுக் கறுத்தும் இருக்கும். கட்டின் மேலே கிடப்பது பழையதா புதியதா என்று தெரிந்தாலே பாதிக் களவு நடந்துவிடும், அதுவும் களவையே ரசிக்கிற இந்த ஆட்டத்தில். பின்பக்கம் தெரியாத உறை போட்டால் தப்பலாம், ஆனால் அத்தனை அட்டைக்கும் உறை வாங்குவது சின்னச் செலவு இல்லை.

வேறு வழி இருக்கிறது. கதவுக் கட்டும் பொக்கிஷக் கட்டும் எப்படியும் தனித்தனிக் கட்டுகள், ஒன்றோடு ஒன்று கலப்பதே இல்லை. கதவு அட்டைகள் 95ஐயும் பழைய பெட்டியில் இருந்து எடுங்கள், பொக்கிஷ அட்டைகள் 73ஐயும் புதிய பெட்டியில் இருந்து எடுங்கள். இரட்டிப்பும் இல்லை, பின்பக்கத்தைப் பார்த்துப் பிடிபடுவதும் இல்லை. கதவுக்குப் பின்னால் நிலவறை, அங்கே மண்ணிறம் பொருந்தும், யாராவது கிட்டப் பிடித்து வாசித்துத்தான் ஆக வேண்டும். பூதத்தை வென்று கையில் எடுக்கிற பொக்கிஷம் மட்டும் வண்ணத்தில் மினுங்கட்டும். சில அட்டைகளில் வாசகம் அச்சுக்கு அச்சு மாறியிருக்கலாம், அப்படி வந்தால் அட்டையில் இருப்பதே சட்டம் என்று முதலே பேசி வையுங்கள்.

பழைய பெட்டியை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் நீலக் கட்டு 1995 இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுப் போனது, திரும்பி வந்தபோது இல்லை. அண்ணா திரும்ப வரைந்த அந்த 16 அட்டைகளில் ஒன்றையாவது இன்றைக்கு உங்களுக்குக் காட்ட முடிந்தால் இவ்வளவு எழுதியிருக்கத் தேவையில்லை.

அடுத்த போயாவுக்கு இப்படி ஆடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கசீபோவுக்கு உங்கள் மேல்மாடியில் என்ன பெயர் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பொடியனுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அக்கா