நல்ல காரியத்துக்குச் சம்பளம்

அன்புள்ள அக்கா,

இரண்டு ஆண்டுகளாக இணையத்தில் எழுதி வருகிறேன். போன வருடம் என் கதைகளைத் தொகுத்துக் கிண்டிலில் போட்டேன். நிறையப் பேர் படிக்கட்டும் என்று 99 அமெரிக்க சென்ட்தான் விலை வைத்தேன். அந்தப் புத்தகமும் ஓர் இணைய இதழ் கொடுத்த சன்மானமும் சேர்த்து இதுவரை 86 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வந்திருக்கிறது. எனக்கு நல்ல வேலை இருக்கிறது. எழுத்துக்குக் காசு வாங்குவது மனதுக்கு ஒப்பவில்லை. ஆகவே முழுவதையும் காயம்பட்ட வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஓர் அமைப்புக்குக் கொடுக்க நினைக்கிறேன். சில சந்தேகங்கள். இவ்வளவு சிறிய தொகையைக் கொடுத்தால் சிரிப்பார்களா? இதற்கு வரிக்கழிவு கேட்பது தவறா? கொடுப்பதில் ஒரு காசுகூட அலுவலகச் செலவுக்கும் சம்பளத்துக்கும் போகாத அமைப்பு எது? ‘இந்நூலின் வருமானம் முழுவதும் தொண்டுக்கே’ என்று புத்தகத்தில் போடலாமா?

ஒரு வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைச் சரியான நேரத்தில் அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், தொண்டு அமைப்பொன்றில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் பதில் கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். யாரும் சிரிக்க மாட்டார்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது எளிய மக்களிடம்தான் போய் நின்றார். அதே காலத்தில் நன்யாங் பல்கலைக்கழகம் எழும்புவதற்கு ட்ரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டிய சீனத் தொழிலாளர்கள் தங்கள் ஒரு நாள் கூலியைக் கொடுத்தார்கள். இப்படிச் சேர்ந்த காசில் வளர்ந்த ஊர் இது. இங்கே 86 வெள்ளிக்குக் கூச்சப்பட என்ன இருக்கிறது?

வரிக்கழிவா? தாராளமாகக் கேளுங்கள். ஐபிசி தகுதி, அதாவது பொதுநல அமைப்பு என்ற அரசு அங்கீகாரம், உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் 2026 இறுதிவரை இரண்டரை மடங்கு கழிவு உண்டு. 86 வெள்ளிக்கு 215 வெள்ளி கழியும். நீங்கள் 7 விழுக்காடு வரி கட்டும் படியில் இருந்தால் மிச்சமாவது பதினைந்து வெள்ளி. உங்கள் அடையாள எண்ணை அமைப்பிடம் கொடுத்துவிட்டால் கழிவு தானாகவே கணக்கில் ஏறிவிடும். இதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

உங்கள் மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ‘ஒரு காசுகூடச் சம்பளத்துக்குப் போகக்கூடாது.’ இதை எவ்வளவு இயல்பாக எழுதிவிட்டீர்கள்!

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவன வழக்கு நீதிமன்றத்தில் நடந்தபோது, அதன் தலைமை நிர்வாகி ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் வெள்ளி வாங்கினார் என்பதும், அவருடைய அலுவலகக் கழிவறையின் தங்க முலாம் பூசிய குழாய்க் கதையும் வெளியே வந்தன. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு என்று நம்பிப் பத்து வெள்ளி, இருபது வெள்ளி அனுப்பிய மக்களுக்கு வயிறு எரிந்தது. எரிந்தது நியாயம்தான். ஆனால் அதன் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. 2007இல் அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை வந்தது. பொதுமக்களிடம் திரட்டும் நிதியில் அதைத் திரட்டும் செலவு 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி இருக்கிறது. அரசின் சேரிட்டி போர்ட்டல் இணையத்தளத்தில் அமைப்பின் பெயரைத் தட்டினால் ஆண்டறிக்கையைப் படிக்கலாம். தலைவர் கொள்ளையடிக்கிறாரா என்று பாருங்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் 6 லட்சம் வாங்கியவர் மேல் வந்த கோபத்தை, மாடிப்படி ஏறி இறங்கி மனு எழுதும் ஊழியர் மேல் காட்டாதீர்கள்.

அந்த ஊழியர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடி. மேற்பார்வையாளர் அவரிடம், “ரூமில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொல்லு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பயத்தில் இவரும் அப்படியே சொல்லிவிட்டார். மருத்துவச் சீட்டிலும் அதுவே ஏறிவிட்டது.

நான் மேலே சொன்ன பெண்தான் அன்று அங்கே இருந்தவர். அரை நாள் அந்தத் தம்பியோடு உட்கார்ந்தார். என்ன கிழமை? கூட யார் இருந்தார்கள்? லாரியில் யார் தூக்கிப்போட்டார்கள்? வாட்ஸ்அப்பில் யாருக்காவது சொன்னாயா? கேட்டுக்கேட்டு, கடைசியில் அறைத்தோழன் ஒருவன் வேலையிடத்திலேயே எடுத்த படத்தைக் கண்டுபிடித்தார். படத்தில் நேரமும் பதிவாகியிருந்தது. வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. அந்தக் கெடு நெருங்கிவிட்டதைக் கவனித்தவரும் அவர்தான். அப்புறம் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்த்து, மருத்துவ விடுப்புச் சம்பளத்தை, சேர்க்க வேண்டிய ஓவர்டைமைச் சேர்க்காமல் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்தார்.

நீங்கள் கொடுக்க விரும்பும் உதவி இதுதான், தம்பி. வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதியில்) இருக்கும் ஊழியர் பொதுவாக வேலை செய்யக்கூடாது. சோறு வேண்டும், பஸ் அட்டையில் காசு வேண்டும். லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி2 என்ற வெளிநாட்டு ஊழியர் உதவி அமைப்பு 2008 முதல் இப்படிப்பட்டவர்களுக்கு இலவச உணவு கொடுத்து வருகிறது. சோற்றுக்குக் கொடுக்க நம் ஆட்கள் தயங்குவதே இல்லை. அன்னதானம் நம் ரத்தத்தில் இருக்கிறது. நல்லது. ஆனால் அந்தத் தம்பிக்கு இழப்பீடு கிடைக்காமல் போனால் வருடம் முழுக்கச் சோறு போட்டாலும் முதுகு உடைந்தவராக வெறுங்கையோடுதான் ஊருக்குத் திரும்புவார். அவருக்குப் பணம் வாங்கித் தருவது ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், சட்டம் தெரிந்த ஒரு மனுஷி. இதைத்தான் நீங்கள் அலுவலகச் செலவு என்று ஒதுக்குகிறீர்கள்.

தொண்டூழியர்கள் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்கிறோம், சனிக்கிழமைகளில். மனிதவள அமைச்சின் கடிதத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் பதில் போட வேண்டும் என்றால் நாங்கள் எல்லாரும் அவரவர் வேலையில் இருப்போம்.

நன்கொடையாளர் கூட்டம் ஒன்றில் வசதியான ஒருவர் இந்தப் பெண்ணிடம், “சேவைக்கு வந்துவிட்டுச் சம்பளமும் வாங்குகிறீர்களா?” என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. வாடகை ஏறியது, அம்மாவின் மருந்துச் செலவு ஏறியது. இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறார், சம்பளமும் கூட. அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்த பொய்யை ஒரு பார்வையில் பிடிக்கும் அந்தக் கண், அவர் சேர்த்து வைத்திருந்த அனுபவம், அதெல்லாம் அந்த மாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டது. புதிதாக வருபவர் முதலிலிருந்து கற்க வேண்டும். அவர் கற்றுத் தேறும்வரை எத்தனை பேருடைய ஓராண்டுக் கெடு தவறுமோ!

நல்ல காரியம் செய்பவர் பட்டினி கிடந்துதான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது, கவனித்தீர்களா? தொண்டு செய்பவருக்குச் சம்பளம் கூடாது என்கிறீர்கள். எழுதுகிற நீங்களும் காசு வாங்கக்கூடாது என்கிறீர்கள். இரண்டும் ஒரே எண்ணம்தான். அலுவலகத்தில் வாங்கும் சம்பளத்துக்கு நீங்கள் கூசுவதில்லை. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதிய கதைக்கு வந்த 86 வெள்ளி மட்டும் ஏன் கையைச் சுடுகிறது? கூச்சத்தைக் கழுவுவதற்காகக் கொடுக்காதீர்கள். இது என் உழைப்பின் கூலி என்று ஒப்புக்கொண்டு, பிறகு மனம் நிறைந்து கொடுங்கள். நீங்கள் சன்மானம் வேண்டாம் என்று சொல்லும்போது, வேலை இல்லாத இன்னொரு எழுத்தாளரிடம் இதழ்க்காரர்கள், “அவரே சும்மா எழுதுகிறாரே” என்பார்கள். அதையும் யோசியுங்கள்.

புத்தகத்தில் அந்த அறிவிப்பு வேண்டாம். கதை பிடித்து வாங்கட்டும்.

எந்த அமைப்பு என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. போர்ட்டலில் இரண்டு மூன்று ஆண்டறிக்கைகளைப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் 86 வெள்ளியை ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல் மாதம் ஏழு வெள்ளி என்று, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும் ஜைரோவில் போடுங்கள். மாதாமாதம் வரும் என்று தெரிந்த காசை நம்பித்தான் ஓர் அமைப்பு ஆள் வைக்க முடியும். படிவத்தில் ‘பொதுச் செலவுக்கு’ என்ற கட்டம் இருந்தால் அதில் டிக் அடியுங்கள்.

கடைசியாக அந்த 99 சென்ட். அந்த விலைக்குக் கிண்டில் 35 விழுக்காடுதான் தரும். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்காவில் விற்கும் பிரதிகளுக்கான உரிமைத்தொகையில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படி விற்கும் ஒரு பிரதிக்கு உங்கள் கைக்கு வருவது 24 சென்ட். விலையை 2.99 டாலர் ஆக்கினால் 70 விழுக்காட்டுத் திட்டத்தில் சேரலாம். அமெரிக்காவில் ஒருவர் வாங்கினால், வரி போகவும் ஏறக்குறைய ஒன்றரை டாலர் நிற்கும், ஆறு மடங்கு. உங்கள் கதைகள் அந்த விலைக்குத் தகும், நான் படித்திருக்கிறேன். இன்று ராத்திரியே விலையை மாற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா