சிறிய அறைக்கு 300 வாட் தேவையில்லை
வணக்கம் ஐயா. 8 ஓம் மின்தடையும் 86 டெசிபல் உணர்திறனும் கொண்ட சிறிய ஸ்பீக்கர்களுக்கு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் '300 வாட்' ஆம்பிளிஃபையர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை, ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல், அதாவது நல்ல சத்தமே, கிடைத்துவிடும், அதன்பின் வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான் என்பதால், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்குப் பணம் கொடுப்பது வீண்.

டிபிஏ3116 சிப் உள்ள கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்பிளிஃபையர் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அடாப்டரைப் பார்த்து வாங்குங்கள்: 12 வோல்ட்டில், ஒவ்வொரு 8 ஓம் ஸ்பீக்கருக்கும் 9 வாட்டைத் தாண்டினால் ஒலி கரகரக்கும், 24 வோல்ட்டில் ஏறத்தாழ 30 வாட் தாராளமாக வரும். அந்த வோல்ட்டேஜை ஆம்பிளிஃபையர் தாங்கும் என்று பின்புறத்தில் குறித்திருக்க வேண்டும், அதற்கு மேல் கொடுத்தால் சிப் போய்விடும். இணைக்கும்போது இரு ஸ்பீக்கர்களின் கறுப்பு ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிடாதீர்கள்; இவ்வகை ஆம்பிளிஃபையரில் கறுப்பு முனை கிரவுண்டு (இரு பக்கத்துக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் முனை) அன்று.