வான்கோழி வேட்டைக்கு டிகாய் தேவையா?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். போன மே மாதம் காட்டுக்குள் ஒரு பெட்டை டிகாயை, அதாவது பறவையை ஏமாற்றி இழுக்கும் பொம்மையை, நட்டுவிட்டுக் கூப்பிட்டேன். சேவல் 60 கஜத்தில் நின்றது, வாலை விசிறியாக விரித்துக் காட்டியது, கால் மணி நேரத்தில் திரும்பிப் போய்விட்டது. இந்த வருடம் சேவல் டிகாயும் சேர்த்து வாங்கலாமா? இல்லை, டிகாயே வேண்டாமா?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் உட்காரும் இடத்தை மாற்றிப் பாருங்கள். உங்கள் சேவலை நிறுத்தியது அந்தப் பெட்டை பொம்மையாகத்தான் இருக்க வேண்டும்.

வசந்த காலத்தில் சேவல் நின்ற இடத்திலிருந்து குரல் கொடுக்கும். பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நாம் பெட்டைக் குரலில் கூப்பிட்டுச் சேவலை வரவழைப்பது இந்த வழக்கத்தைத் தலைகீழாக்குவது. பெட்டை கண்ணில் படாதவரை சேவல் தேடிக்கொண்டே வரும். பட்டுவிட்டால் நின்று தோகை விரிக்கும், இனி அவள் வரட்டும் என்று. பொம்மை எங்கே வரும்?

ஆகவே காட்டுக்குள் டிகாய் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ஒரு மேட்டின் முகடோ பாதையின் வளைவோ பார்த்து, அதற்கு 30 கஜம் தள்ளி உட்காருங்கள். கூப்பிடும் பெட்டையைத் தேடிச் சேவல் தலையை நீட்டும் இடமே சுடும் தூரத்துக்குள் இருக்கும்.

புல்வெளியிலும் சோளம் அறுத்த வயலிலும் கதை வேறு. வான்கோழியின் கண் மிகக் கூர்மை. குரல் வந்த இடத்தில் பறவை எதுவும் தெரியாவிட்டால் வயலின் நடுவிலேயே நின்றுவிடும். அங்கே டிகாய் கைகொடுக்கும். கூடாரத்தில் சிறுவர்களோடு உட்காருபவர்களுக்கும் வில்லாளிகளுக்கும் இன்னும் உதவி: சேவலின் கவனம் பொம்மை மேலேயே இருப்பதால் ஆயுதத்தை உயர்த்த நேரம் கிடைக்கும்.

எது வாங்குவது? சீசன் தொடக்கத்தில் ஒரு பெட்டையும் ஒரு ஜேக்கும், அதாவது ஒரு வயதுச் சேவலும். யார் பெரியவன் என்ற சண்டை அப்போது ஓயாததால் ஜேக்கைப் பார்த்ததும் பெரிய சேவல் முறைத்துக்கொண்டு வரும். முழுத்தோகை விரித்த பெரிய சேவல் பொம்மை பார்க்க ஜோர்தான். ஆனால் ஏற்கெனவே உதை வாங்கிய இரண்டு வயதுச் சேவல்கள் அதைக் கண்டதும் விலகிவிடும். சீசன் கடைசியில், பலமுறை ஏமாந்த பறவைகளுக்கு, இரை பொறுக்கும் பாவனையில் ஒற்றைப் பெட்டை போதும். தலை நிமிர்த்தி விறைத்து நிற்கும் பெட்டையை வாங்காதீர்கள். அது ஆபத்தைக் கண்ட பறவையின் நிற்பு.

நடும்போது உங்களிடமிருந்து 20 தப்படி நடந்து ஜேக்கை நடுங்கள், முகம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும். வரும் சேவல் எதிராளியின் முகத்துக்கு நேரே போய் நிற்கப் பார்க்கும். அப்படி நின்றால் அதன் முதுகு உங்கள் பக்கம் இருக்கும், விரித்த வாலே அதன் கண்ணை மறைக்கும். துப்பாக்கியை உயர்த்த அதுதான் நேரம். உடனே சுட்டுவிடாதீர்கள், கழுத்து உடம்புக்குள் ஒடுங்கியிருக்கும். பெட்டைக் குரலில் ஒரு சின்ன 'க்ளக்' கொடுங்கள், திரும்பித் தலையைத் தூக்கும். தலையும் கழுத்தும் சேரும் இடத்தைக் குறிவையுங்கள். வில் என்றால் 20 தப்படி வேண்டாம், ஏழெட்டு போதும்.

கெடுக்கும் விஷயங்கள் சில்லறையானவை. காற்றில் பம்பரமாய்ச் சுற்றும் டிகாய் எந்தப் பறவையையும் விரட்டும். வாலின் இரு பக்கமும் ஒவ்வொரு குச்சி ஊன்றினால் லேசாக ஆடுவதோடு நிற்கும். மடித்த ஃபோம் பொம்மையின் சுருக்கங்களை முதல் நாளே வெயிலில் வைத்து நீக்குங்கள். பனி பட்டுப் பளபளக்கும் பிளாஸ்டிக்கைத் துடைத்துவிடுங்கள். விடிவதற்கு முன்பே, பறவை அடையும் மரத்திலிருந்து 100 கஜமாவது தள்ளி நட்டு முடியுங்கள். பக்கத்திலேயே குரல் கேட்டுவிட்டால் டிகாய் பையிலேயே இருக்கட்டும். முளைக்கம்பி ஒரு முறை கணீரென்றால் போதும், அன்றைய வேட்டை முடிந்தது.

பழைய தமிழில் டிகாய்க்குப் 'பார்வை' என்று பெயர், பழக்கிய விலங்கைக் கட்டிவைத்து அதன் இனத்தை இழுப்பது. உங்கள் மாநிலத்தில் வான்கோழிக்கு உயிருள்ள பார்வை கூடாது. வசந்த சீசனில் கூப்பிட்டு வரவழைத்துத்தான் சுடலாம், பதுங்கி நெருங்குவது குற்றம். வால் விசிறியை முன்னால் பிடித்துத் தவழ்ந்து போகும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்: சட்டம் ஒருபுறம், அந்த விசிறியை நோக்கி இன்னொருவர் சுட்டால் குண்டு உங்கள் மேல். அலபாமா போன்ற இடங்களில் சீசனின் முதல் 10 நாள் டிகாய்க்கே தடை. வேறு மாநிலம் போனால் அந்த வருட விதிகளைப் படித்துவிட்டுப் போங்கள்.

நல்ல டிகாய் மனிதரையும் ஏமாற்றும். தோளைவிட அகலமான மரத்தில் முதுகு சாய்த்து உட்காருங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கும் வேண்டாம். அவை சேவல் தலையின் நிறங்கள். வேறு வேட்டைக்காரர் தெரிந்தால் கையசைக்காமல் சத்தமாகப் பேசுங்கள். டிகாயைத் தூக்கிப் போகும்போது ஆரஞ்சு நிறப் பைக்குள் முழுதாக மூடுங்கள், திரும்பி வரும்போது சுட்ட சேவலையும் அப்படியே.